மாத்திரையை ஏன் நிறுத்தினார்? – மகளின் படிப்பு பற்றிக் கேட்ட ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்த மகள், வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு முயற்சி செய்யாமல் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள், அதிலும் 'குவாலிடேட்டிவ் ரிவ்யூ' செய்யப் போகிறாளாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகள் பேசியதைத் தொகுப்பதெல்லாம் ஒரு வேலையா, அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் 1959ல் அந்த முடிவை வெளியிட்டது. சரி, வீட்டுக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்களா? அந்தக் கவலையில்தான், பணியாளர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்கும் முறை பல நாடுகளுக்கும் பரவியது. பின்னாளில் அந்த முறையைச் சோதித்த ஆய்வுகளை எல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பான காக்ரேனின் ரிவ்யூ ஒன்று சேர்த்துப் பார்த்தது. தாங்களே மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, கண்ணெதிரே விழுங்கியவர்கள் அதிகமாகக் குணமானதாகத் தெரியவில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? 2007ல் வெளியான இன்னொரு ரிவ்யூ, நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் பணியாளர்களிடமும் பேசி எழுதப்பட்ட 44 கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்தது. வேலைக்குப் போவதா, சிகிச்சைக்குப் போவதா என்ற இழுபறி, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், உடம்பு தேறியதும் 'இனி எதுக்கு மாத்திரை' என்ற எண்ணம், பணியாளர் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அதில் வந்தன. முன்னால் நின்று விழுங்க வைப்பதால் மட்டும் இதில் எது தீரும்?

உங்கள் மகள் கற்கப்போவது இப்படிச் சேர்த்துப் படிக்கும் வேலையைத்தான். அது எப்படி நடக்கும் என்று ஒரு சின்ன உதாரணம் காட்டுகிறேன். 'மருந்து ஃப்ரீதாம்மா, அதை வாங்கப் போற அன்னிக்குக் கூலி போயிடுது' என்று ஒரு கட்டுரையில் ஒரு நோயாளி சொன்னதாக வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் ஓரத்தில் 'இலவச மருந்துக்கு ஆகும் செலவு' என்று குறித்துக்கொள்வாள். வேறொரு நாட்டுக் கட்டுரையில் ஒருவர் பஸ் காசுக்காக ஆடு விற்றிருப்பார். அதுவும் அதே குறிப்பின் கீழ் வரும். மூன்றாவது கட்டுரையில் முதலாளியே சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பியிருப்பார். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இது ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவார்கள். நல்ல ஆய்வாளர் அங்கேதான் நின்று, என்ன வித்தியாசம் என்று தோண்டுவார். இப்படி நூற்றுக்கணக்கான குறிப்புகளைக் குவித்து, பிரித்து, திரும்பவும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர மாதக்கணக்காகும்.

முடிவு வந்ததும் அதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் போட்டாக வேண்டும். அதற்கு கிரேடு-செர்குவல் என்று ஒரு முறை இருக்கிறது. மூல ஆய்வுகள் ஒழுங்காகச் செய்யப்பட்டவையா, தரவுக்கும் முடிவுக்கும் பொருந்துகிறதா, தரவு போதுமான அளவு இருக்கிறதா, நம் கேள்விக்கு அது சம்பந்தப்பட்டதா என்று நான்கு கோணத்தில் பார்த்து, உயர்ந்த நம்பிக்கை முதல் மிகக் குறைந்த நம்பிக்கை வரை ஒரு படியில் வைப்பார்கள். மனம்போன போக்கில் கதை தொகுப்பது இல்லை, ஐயா.

துறை இன்னும் இளசு. காக்ரேன் 1993ல் தொடங்கியது, ஆனால் அதன் முதல் முழுமையான குவாலிடேட்டிவ் தொகுப்பு வந்தது 2013ல்தான். நம் நாட்டில் கிராமங்களில் வேலை செய்யும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களைப் போன்றவர்கள் தாய்-சேய் நலத்தில் வேலை செய்யும்போது எது கைகொடுக்கிறது, எது தடுக்கிறது என்று 53 ஆய்வுகளிலிருந்து அது எடுத்துச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டுதல்கள் எழுத இத்தகைய தொகுப்புகளைப் பயன்படுத்துகிறது.

இப்போது சம்பளம். மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் நம் நாட்டில் அபூர்வம். ஆராய்ச்சி நிறுவனங்களில் ப்ராஜெக்ட் வேலையாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் வெளிநாட்டு நர்ஸ் சம்பளத்துக்கு அது பக்கத்தில்கூட வராது. அதனால் இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். எம்.பி.எச். படிப்பே அடித்தளமாக இருக்கட்டும், இது அதன்மேல் ஒரு கைத்தொழிலாகச் சேரட்டும். நர்சிங் கவுன்சில் பதிவை எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறாளா என்று அவளிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். அப்படி என்றால் அது தப்புக் கணக்கு. புள்ளியியலும், நோய்கள் மக்களிடையே பரவும் விதத்தை ஆராயும் எபிடெமியாலஜியும் தெரியாமல் ரிவ்யூ குழுவில் காலம் தள்ள முடியாது. சென்னையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய எபிடெமியாலஜி நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இரண்டையும் முதலில் பாருங்கள். எந்தக் கல்லூரியானாலும், இத்தகைய ரிவ்யூ ஒன்றையாவது செய்து வெளியிட்ட ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டடத்தையும் ஹாஸ்டலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு மாதம் அவள் தன்னையே சோதித்துப் பார்க்கட்டும். வார்டில் தன்னை உறுத்திய ஒரு கேள்வி, அது பற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று கட்டுரைகள் போதும். வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுக்கட்டும். இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிட்டால், வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிப்பதே அவளுக்கு நல்லது.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் குறையாக எழுதியிருந்தீர்கள். டியூட்டி முடிந்து வந்தும் தூங்காமல், யார் ஏன் பாதி சிகிச்சையில் வீட்டுக்குப் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று. அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் இருவரும் வரும்போது அந்த நோட்டை அவசியம் எடுத்துவரச் சொல்லுங்கள். நோயாளிகள் பெயர் எங்கேயாவது இருந்தால் மறைத்துவிட்டுக் கொண்டுவரட்டும்.