கடைசியில் எல்லாம் கனவா?

கேள்வி: தரம் 6 படிக்கும் மகள் மாயக்கதை எழுதுகிறாள். எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை பறவையாகவோ பூனையாகவோ மாறும், கடைசியில் பார்த்தால் கனவு! எப்படித் திருத்துவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தக் கனவை வெட்டச் சொல்லுங்கள். வாசிக்கிற பிள்ளைக்கு அது ஏமாற்று. அப்புறம், மாறியதை ஒரே வரியில் தாண்டிவிடக் கூடாது. காகமாகிவிட்ட பையன் காலி வீதி மின்கம்பியில் பசியோடு இருக்கிறான், கீழே மீன் பணிஸ், எடுக்கக் கை இல்லை, ‘அம்மா’ என்றால் ‘கா’ என்றுதான் வருகிறது, அம்மாவே தும்புத்தடியால் விரட்டுகிறாள் – கதையே அங்கேதான் தொடங்குகிறது (வாசிக்கிற பிள்ளைகளுக்கும் குரலும் உடம்பும் மாறத் தொடங்கும் வயது, சொல்லாமலே புரியும்). பஞ்சதந்திரத்தில் முனிவர் பெண்ணாக்கி வளர்த்த எலிக்குஞ்சு, சூரியனையே வேண்டாம் என்றுவிட்டு எலியைத்தான் கட்டிக்கொள்கிறது. உருவம் மாறியது, ஆசை மாறவில்லை. அவளுடைய காகத்துக்கு எது மாறவில்லை என்று கேளுங்கள்.

வீட்டில் கறிவேப்பிலை மரம் இருக்கிறதா? இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் குட்டிப் புழுவைக் காட்டுங்கள். வளர்ந்து பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். கூட்டுக்குள் இருந்துகொண்டு அதுவே பேசுவதுபோல ஒரு பக்கம் எழுதட்டும். எழுதினால் எங்களுக்கும் அனுப்புங்கள்.