பழைய மோட்டார்ஹோம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஓராண்டு சாலைப் பயணம் கிளம்பப் போகிறோம். 15 வருடப் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு உள்ளேயே வாழக்கூடிய வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடியது 60,000 கிலோமீட்டர்தான். உள்ளே பளிச்சென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பளிச்சென்று இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் புது ஒட்டுத்தாள், கதவைத் திறந்ததும் வாசனைத் திரவிய நெடி என்றால், எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளைக் கொல்வது எஞ்சின் கோளாறு அல்ல, மழைநீர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் சுவருக்குள் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் நுரைப்பலகையும்தான் இருக்கும். வெளியே மெல்லிய அலுமினியமோ ஃபைபரோ போர்த்தியிருக்கும். மூட்டுகளில் பூசிய சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை உளுக்க வைக்கும். உள்ளே கறை தெரியும்போது சுவர் பல காலமாக ஊறிக் கிடந்திருக்கும்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளை, ஜன்னலின் கீழ் ஓரங்களை, கூரைத் திறப்பின் சுற்றுப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கட்டிலுக்கு அடியிலும் பார்க்க வேண்டும். விரல் அமுங்கினால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று கையில் இருப்பது நல்லது: 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. 30 என்று காட்டினால் மரம் உளுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெளிச்சுவரில் கன்னத்தை வைப்பதுபோல் சாய்ந்து நீளவாக்கில் பாருங்கள். கொப்புளம் போல் உப்பியிருந்தால் பசை விட்டுப்போய்விட்டது. ஏணி போட்டுக் கூரையையும் பார்க்க வேண்டும். மூட்டுகளில் சிலிகானை அப்பியிருந்தால் இரட்டை வேலை: அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சரியான சீலன்ட் பூச முடியும்.

60,000 கிலோமீட்டரை 15-ஆல் வகுங்கள்: வருடத்துக்கு 4,000. வண்டி பெரும்பாலும் நின்றே இருந்திருக்கிறது. நின்ற வண்டியில் பிரேக் இறுகும், ரப்பர் பாகங்கள் வெடிக்கும். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குத் தூரக் கெடு மட்டுமல்ல, வருடக் கெடுவும் உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதான டயரில் பயணம் கூடாது. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளப்ப மக்கர் செய்கிற எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: உள்ளே இருக்கும் சாதனங்களை எப்படிச் சோதிப்பது?

பதில்: பழைய வண்டிகளில் பெரும்பாலும் கேஸிலும் ஓடுகிற ஃப்ரிட்ஜ் இருக்கும். அது குளிரப் பல மணி நேரம் பிடிக்கும். எனவே முந்தின இரவே போட்டுவைக்கச் சொல்லுங்கள். மின் இணைப்பில் ஓடுவதை மட்டும் காட்டுவார்கள். கேஸிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வழியில் உங்களுக்கு உதவப்போவது அதுதான். தண்ணீர் பம்பைப் போட்டு எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். பம்ப் நின்றபின் தானாக அவ்வப்போது உறுமினால் எங்கோ கசிகிறது. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து ஈய பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 ஏறக்குறையப் பாதி.

கேள்வி: வீட்டுச் சாமான்களில் எதை எடுத்துப் போவது? பட்டியல் கிடைக்குமா?

பதில்: பட்டியல் அப்புறம், முதலில் எடை. டீசல் நிரப்பி, ஆள் இல்லாமல் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். விளம்பரத்தாளில் இருக்கும் எடையை நம்பாதீர்கள். வாங்கிய பிறகு பொருத்திய ஏசி, வெய்யில் மறைப்பு, சோலார் பலகை எதுவும் அதில் சேர்ந்திருக்காது. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டிக்கு அனுமதித்த எடை 3,500 கிலோ, மேடை காட்டுவது 3,050 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 450. இருவர் 140, தண்ணீர் 100 லிட்டர் 100 கிலோ, இரண்டு கேஸ் சிலிண்டர் 45, தாங்கியோடு இரண்டு மின்சைக்கிள் 60. எஞ்சுவது 105 கிலோ. படுக்கை, பாத்திரம், துணி, மளிகை, கருவிகள், நாற்காலி எல்லாம் அதற்குள்தான்.

சைக்கிள்களைப் பின்பக்கம் மாட்டினால் கணக்கு இன்னும் இறுகும். முன் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 4 மீட்டர், சைக்கிள் தொங்குவது பின் ஆக்சிலிலிருந்து 2 மீட்டர் தள்ளி என்றால், 60 கிலோ பின் ஆக்சிலில் 90 கிலோவாக உட்காரும். முன் ஆக்சில் 30 கிலோ இலேசாகும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி ஈரமான ஏற்றத்தில் வழுக்குவது இதனால்தான். கனமானவற்றை ஆக்சில்களுக்கு நடுவே, தரைமட்டத்தில் வையுங்கள். போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்குமென்றால் 30 லிட்டரோடு ஓட்டுங்கள். அதிலேயே 70 கிலோ மிச்சம். துணி ஒரு வாரத்துக்குப் போதும். சாமான் ஏற்றிய பிறகு மறுபடி எடை போடுங்கள், ஒவ்வொரு ஆக்சிலையும் தனியாக.

கேள்வி: மீதிச் சாமானை விற்றுவிடலாமா, கிடங்கில் போடலாமா?

பதில்: வண்டியில் இரண்டு மூன்று வாரம் வாழ்ந்து பார்க்கும்வரை எதையும் விற்காதீர்கள். கிடங்கு மாத வாடகையைப் பயண மாதங்களால் பெருக்குங்கள். அது அந்தச் சாமானைத் திரும்ப வாங்கும் விலையைத் தாண்டினால் விற்பதே மேல். பழைய சோஃபாவுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் தேறாது. புகைப்படமும் பத்திரமும் வேறு கதை. கூடவே ஒன்று: வண்டியிலேயே நிரந்தரமாகத் தங்கினால் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுமுறைப் பயணத்துக்கு மட்டும் பொருந்தும் பாலிசிகள் உண்டு.

கேள்வி: வாங்கியவுடன் முதல் வேலை என்ன?

பதில்: கேஸ் ரப்பர் குழாயை மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். சிலிண்டர் பெட்டியின் தரையில் ஒரு துளை இருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேறும். குளிர்காற்று வருகிறதென்று முந்தைய உரிமையாளர் துணி வைத்து அடைத்திருந்தால், முதலில் அதை எடுங்கள்.