முதல் அமைச்சரவையில் ஜீ.ஜீ. இருந்தாரா? பட்டியலின் திகதியைப் பாருங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தரம் 11, வரலாற்று ஒப்படைக்கு "சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவை" என்று தலைப்பு வந்திருக்கிறது. ஒரு ரியூஷன் நோட்டில் வர்த்தக அமைச்சர் சுந்தரலிங்கம், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் பெயரே இல்லை. இன்னொரு நோட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அயலில் உள்ள பெரியவர் ஒருவர் இரண்டும் பிழை, அருணாசலம் மகாதேவாதான் உள்நாட்டு மந்திரியாக இருந்தார் என்று அடித்துச் சொல்கிறாராம். "எதை எழுதுவது ஐயா? எங்கட திருகோணமலை ஆள் யாராவது அதில் இருந்தாரா? சனிக்கிழமை கொடுக்க வேணும்."

தங்கச்சி, மூன்று பேருமே முழுப்பொய் சொல்லவில்லை. மூன்று வேறு வேறு காலத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அமைச்சரவைப் பட்டியல் குடும்பப் படம் மாதிரி, எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் யார் ஏன் அதில் இல்லை என்று விளங்காது.

முதலில் பெரியவரின் கதையை முடித்துவிடுவோம். மகாதேவா மந்திரியாக இருந்தது உண்மை, ஆனால் அது சுதந்திரத்துக்கு முந்திய டொனமூர் அரசியலமைப்புக் காலத்து அரசாங்க சபையில். அப்போது அமைச்சரவை என்று ஒன்று இல்லை, ஏழு நிர்வாகக் குழுக்களின் தலைவர்கள்தான் மந்திரிகள், பிரதமரும் கிடையாது. 1947 தேர்தலில் மகாதேவா யாழ்ப்பாணத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்காக நின்று, அதே ஜீ.ஜீ.யிடம் தோற்றுப்போனார். ஆகவே அவர் முதல் அமைச்சரவையில் வர வழியே இல்லை.

இனி பலரும் இடறும் இடம். 1948இல் தேர்தல் நடக்கவில்லை. டொனமூருக்குப் பின் வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் தேர்தல் நடந்தது 1947 ஓகஸ்ட் 23 தொடங்கி செப்டெம்பர் 20 வரை. 95 இடங்களில் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 42, அதாவது அறுதிப் பெரும்பான்மை இல்லை. எதிரணியினர் ஸ்ரீ நிஸ்ஸங்கவின் "யமுனா" என்ற வீட்டில் கூடி மாற்று அரசாங்கம் அமைக்கலாமா என்று பேசிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. டி.எஸ். சேனாநாயக்க சுயேச்சைகளையும் நியமன உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஆட்சி அமைத்தார். நான்கு மாதம் கழித்து, 1948 பெப்ரவரி 4இல், அதே அமைச்சரவை அப்படியே சுதந்திர நாட்டின் அமைச்சரவை ஆனது. அதனால் மகன் "1947 செப்டெம்பரில் பதவியேற்று, 1948 பெப்ரவரி 4 முதல் சுதந்திர இலங்கையின் அமைச்சரவையாகத் தொடர்ந்தது" என்று ஒரு வரி எழுதட்டும். இதை வெட்டுகிற ஆசிரியர் இருக்க மாட்டார்.

அந்த முதல் அணி பிரதமரோடு சேர்த்து 14 பேர். டி.எஸ். தானே பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் வைத்திருந்தார், பிரதமர்தான் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே இருந்தது. நிதி ஜே.ஆர். ஜயவர்தன, சுகாதாரமும் உள்ளூராட்சியும் பண்டாரநாயக்க, விவசாயமும் காணியும் டி.எஸ்.ஸின் மகன் டட்லி, போக்குவரத்தும் வேலைகளும் சேர் ஜோன் கொத்தலாவல. உள்நாட்டலுவல்கள் சேர் ஒலிவர் குணதிலக்க, நீதி எல்.ஏ. ராஜபக்ஷ, கல்வி நுகவெல, உணவும் கூட்டுறவும் ஏ. ரத்நாயக்க, தொழிலும் சமூக சேவையும் ரீ.பி. ஜாயா, கைத்தொழிலும் கடற்றொழிலும் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, இலாகா இல்லாத அமைச்சராக ஆர்.எஸ்.எஸ். குணவர்தன. தமிழர் இருவர்: வர்த்தகத்துக்கு வவுனியா உறுப்பினர் சுந்தரலிங்கம், தபால் தொலைத்தொடர்புக்கு மன்னார் உறுப்பினர் சிற்றம்பலம். இருவருமே சுயேச்சையாக வென்றவர்கள், முன்பு சிவில் சேவையில் இருந்தவர்கள்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை" என்று எழுதும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ஒலிவர் குணதிலக்கவும் ராஜபக்ஷவும் மக்கள் வாக்கில் வந்தவர்கள் அல்லர், செனட் என்ற மேல்சபையின் உறுப்பினர்கள். குறைந்தது இரண்டு அமைச்சர்கள் செனட்டில் இருந்து வர வேண்டும், அதில் ஒருவர் நீதி அமைச்சராக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். மகன் இதைக் குறிப்பிட்டால் ஆசிரியர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் ஜீ.ஜீ. விவகாரம். தமிழ்க் காங்கிரஸ் 7 இடம் வென்று எதிரணியில்தான் உட்கார்ந்தது. தேர்தல் மனுவில் (தேர்தல் முடிவை எதிர்த்துப் போடும் வழக்கில்) ஜோர்ஜ் ஈ. டி சில்வா ஆசனத்தை இழந்த பிறகு, 1948 செப்டெம்பரில் ஜீ.ஜீ. அரசாங்கத்தில் சேர்ந்து அந்தக் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சை எடுத்தார். அதே வருடம் டிசெம்பரில், இந்திய பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டமூலத்தில் முரண்பட்டு சுந்தரலிங்கம் வெளியேறினார். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கக்கூடிய காலம் ஏறக்குறைய மூன்றே மாதம். உங்கள் இரண்டாவது நோட்டு அந்த மூன்று மாதத்துப் பட்டியலை எங்கேயோ பார்த்துப் பிரதி பண்ணி, மேலே "முதல்" என்று போட்டிருக்கிறது. ஜீ.ஜீ. இல்லாத அந்த முதலாவது நோட்டுத்தான் தொடக்க அணியோடு பொருந்துகிறது. (அந்தச் சட்டமூலத்துக்கு யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற கதையைத் தொட்டால் ஒப்படை நாற்பது பக்கம் போகும், இப்போதைக்கு வேண்டாம்.)

எந்தப் பட்டியல் கையில் வந்தாலும் நான் முதலில் விரல் வைப்பது கடற்றொழிலில்தான். டி சில்வா என்றால் தொடக்க அணி, பொன்னம்பலம் என்றால் 1948 செப்டெம்பருக்குப் பிந்தியது. அடுத்து சுகாதாரம். அங்கே பண்டாரநாயக்க இல்லாவிட்டால் பட்டியல் 1951இன் பிற்பகுதிக்குப் போய்விட்டது, அந்த வருடம்தான் அவர் விலகி சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார்.

திருகோணமலை ஆள்? இல்லை. 1947இல் திருகோணமலைத் தொகுதியில் வென்றவர் தமிழ்க் காங்கிரஸ் எஸ். சிவபாலன், மூதூரில் அபூபக்கர். இருவருமே அமைச்சர் ஆகவில்லை. ஆனால் ஆள் இல்லாவிட்டாலும் எங்கள் ஊர் அந்த அமைச்சரவையின் மேசையில் இருந்தது. 1947 நவம்பர் 11இல், சுதந்திரத்துக்கு முன்பே, டி.எஸ். பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் அவர்கள் கையில் தொடர்ந்தன. அவை இலங்கையிடம் வந்தது 1957இல், பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது. என் அம்மப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். சுதந்திரம் கிடைத்த மறுநாளும் அதே வாசல், அதே வெள்ளைக்காரக் காவல், அதே பாஸ் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போனாராம். "கொழும்பில கொடி ஏறினது, இங்க சங்கு ஊதினது" என்பார், வேலைச் சங்கைச் சொல்லுவார். வீட்டில் டொக்யாட் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள், ஒப்படையில் அந்த அரைப் பக்கம் வேறு எந்தப் பிள்ளையிடமும் இருக்காது.

கடைசியாக ஒரு எழுத்துப் பிழை. ரியூஷன் நோட்டுகள் இரண்டு தமிழ் அமைச்சர்களையும் ஆங்கில எழுத்தைப் பார்த்து "சி. சுந்தரலிங்கம், சி. சிற்றம்பலம்" என்று போட்டுவிடுகின்றன. ஒருவர் செல்லப்பா மகன், செ. சுந்தரலிங்கம். மற்றவர் கதிரவேலு மகன், க. சிற்றம்பலம். கொப்பியில் அப்படியே திருத்தச் சொல்லுங்கள்.