கூட வாசித்தவர்

அன்புள்ள ஐயா,

பீட்டில்ஸ் ராக் குழுவின் 1969 மொட்டைமாடிக் கச்சேரியை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். ஓரமாக உட்கார்ந்து கீபோர்ட் வாசிக்கும் கறுப்பின இளைஞர் பில்லி பிரெஸ்டன் என்று பிறகே தெரிந்தது. கேமரா அவரை அதிகம் சட்டை செய்யவில்லை. இத்தனை திறமை இருந்தும் அடுத்தவர் நிழலிலேயே காலம் தள்ளிவிட்டாரே?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

கேமரா விஷயம் சரி. நிழல் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பெரிய வித்வான்களுக்கு மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயரை யாராவது நிழல் என்பார்களா?

பில்லி பத்து வயதிலேயே பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சனுக்கு ஆர்கன் வாசித்தவர். 1962இல் ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் குழுவோடு ஐரோப்பா போனபோது பீட்டில்ஸ் பழக்கமானார்கள். அவர்களை அப்போது உலகத்துக்குத் தெரியாது.

1969 ஜனவரியில் பீட்டில்ஸ் நால்வருக்குள்ளும் ஏகப்பட்ட உரசல். ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பியிருந்தார். பில்லி வந்து எலக்ட்ரிக் பியானோ முன் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார்கள். விருந்தாளி வந்தால் வீட்டுச் சண்டை அடங்குமே, அப்படி. ஹாரிசனே பின்னாளில் இதைத்தான் சொன்னார்.

விருந்தாளி சும்மாவும் இருக்கவில்லை. 'கெட் பேக்' பாட்டைக் கேளுங்கள். நடுவில் தன் முறை வரும்போது துள்ளி விளையாடுகிறார். மற்ற நேரமெல்லாம் பாடுகிறவருக்கு வழிவிட்டு, கிடைத்த இடைவெளியில் இரண்டு அடி வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். அந்த இசைத்தட்டில் 'பீட்டில்ஸ், பில்லி பிரெஸ்டனுடன்' என்றே அச்சிட்டார்கள். அந்தக் குழு வழக்கமாகச் செய்கிற காரியமல்ல இது.

அப்புறம் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவுடன் ஊர் ஊராகச் சுற்றினார். நடுவே 1973இலும் 1974இலும் அவருடைய சொந்தப் பாட்டுகளே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. ஜோ காக்கர் பாடிப் புகழ்பெற்ற 'யூ ஆர் சோ பியூட்டிஃபுல்' பாட்டை எழுதியதிலும் பில்லிக்குப் பங்குண்டு.

1974இல் ஹாரிசனின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் சிதார் கலைஞர் ரவிசங்கரின் குழுவும் சேர்ந்து போனது. அதில் மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலின் எல். சுப்ரமணியம். (ஆமாம், இளையராஜாவுக்குக் கர்நாடக இசை சொல்லிக்கொடுத்த அதே டி.வி.ஜி.) அந்த மேடையில் பில்லி தன் பாட்டுகளையும் பாடினார்.

அவர் வாழ்க்கையில் வருத்தப்பட வேண்டியவை உண்டு: போதைப்பழக்கம், வழக்கு, சிறை, 59 வயதில் சாவு. கூட வாசித்ததை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியின் படம் கிடைத்தால் பாருங்கள். தன் பாட்டின் நடுவே ஆர்கனை விட்டு எழுந்து மேடையில் ஆட ஆரம்பித்துவிடுகிறார். அன்று கேமராதான் அவர் பின்னால் ஓடுகிறது.