"நான் கோபக்காரியா, அக்கா?" நம் குணத்தை யார் சரியாக அறிவார்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருக்கிறேன். உளவியல் படித்த நாளிலிருந்து என் மனதை விட்டுப் போகாத ஆய்வு பேராசிரியர் சிமீன் வசீருடையது. ஒருவரின் குணத்தை அவரே நன்றாக அறிவாரா, பக்கத்தில் இருப்பவர்கள் அறிவார்களா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: அக்கா, வீட்டில் எல்லோரும் என்னைக் கோபக்காரி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. யார் சொல்வது சரி?

தங்கச்சி, எவ்வளவு எரிச்சல் வந்தது, அதில் எவ்வளவை அடக்கினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தட்டை எப்படி வைத்தீர்கள், தம்பிக்கு எந்தக் குரலில் பதில் சொன்னீர்கள் என்பதை வீட்டார்தான் பார்க்கிறார்கள்.

வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 165 அமெரிக்க மாணவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள். அவர்களுடைய நண்பர்களும், அன்றுதான் சந்தித்தவர்களும் அவர்களை மதிப்பிட்டார்கள். அப்புறம் பரீட்சைகள் வைத்து யார் கணிப்பு பலித்தது என்று பார்த்தார். பதற்றப்படும் சுபாவத்தில் அவரவர் கணிப்பே முந்தியது. புத்திக்கூர்மையிலும் புதிதாக யோசிக்கும் திறனிலும் நண்பர்கள் முந்தினார்கள். கலகலப்பாகப் பேசுகிறவரா என்பதை அன்று சந்தித்தவர்கூட ஓரளவு சரியாகவே சொன்னார்.

இதற்கு அவர் இரண்டு காரணம் சொல்கிறார். அந்தக் குணம் வெளியே தெரிவதா, உள்ளே கிடப்பதா என்பது ஒன்று. நல்லவர், கெட்டிக்காரர் என்ற பெயர் அதில் தங்கியிருக்கிறதா என்பது மற்றது. பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் நம்மை நாமே நேராகப் பார்க்க முடிவதில்லை. கோபத்தைக் காட்டுவது வெளியே தெரிகிற விஷயம், 'நல்ல பிள்ளை' என்ற பெயரோடும் ஒட்டியது. ஒருவர் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். எல்லோரும் சொல்வதால் நான் வீட்டார் பக்கம்தான் சாய்வேன், குறை நினைக்காதீர்கள்.

பொகவந்தலாவை, தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்: நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். ஆனால் கொழுந்து நிறுக்கும் நேரம் சிலருடைய முகம் மாறுகிறது. உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

ஐயா, அந்தச் சந்தேகத்தை நம்புங்கள். நாம் நினைப்பதுபோல் மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை என்பதை மனிதர்கள் ஓரளவு உணர்ந்தே இருக்கிறார்கள் என்று உளவியலாளர் எரிக்கா கார்ல்சனும் வசீரும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. "நான் நேர்மையானவனா?" என்று கேட்காதீர்கள். பேர் போடுவது, அதாவது அன்றைய வேலையைப் பதிவது, உங்கள் கையில் இருக்கும்போது யார் 'இல்லை' என்பார்கள்? செயலைக் கேளுங்கள்: ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கிறேன், எல்லோருக்கும் ஒரே அளவா? கேட்பதும் உங்களுக்குக் கீழ் வேலை செய்யாத ஒருவரிடம், ஓய்வுபெற்ற கங்காணி மாதிரி ஒருவரிடம் கேளுங்கள்.

நுவரெலியா: ராசிபலனில் என் குணம் அச்சு அசலாக வருகிறதே?

1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிவரணையை, தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். வாக்கியங்களைப் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். அது தனக்குப் பொருந்துகிறது என்று மாணவர்கள் கொடுத்த சராசரிப் புள்ளி 5க்கு 4.26. எல்லோருக்கும் பொதுவாக எழுதியதும் நமக்கென்றே எழுதியதுபோல் தெரியும், ராசிபலனும் அப்படித்தான்.

கொட்டகலை: அமெரிக்க மாணவர்களை வைத்துச் வசீர் செய்த ஆய்வு நம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கைக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வசீரே, உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து சரிபார்க்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்துகிறவர். லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். வெளியே தெரிகிற குணம் இங்கே இன்னும் அதிகமாகத் தெரியும், உள்ளே இருப்பது இன்னும் ஆழமாக ஒளியும். இது நான் பிள்ளைகளோடு பழகிக் கண்டது.

பதுளை, ஒரு தாய்: மகன் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அமைதியான பிள்ளை, கவலை இல்லை என்றிருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. தாயறியாத சூல் உண்டா என்பார்களே?

அம்மா, சூலை அறிவீர்கள். வளர்ந்த பிள்ளையின் நெஞ்சுக்குள் நடப்பது வேறு. பதற்றம், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம் இதெல்லாம் வெளியே அதிகம் தெரியாது. வசீரின் ஆய்வில் நெருங்கிய நண்பர்களாலும் இதில் முந்த முடியவில்லை. உங்கள் பாசத்தில் குறை ஒன்றுமில்லை. பேசாத பிள்ளையெல்லாம் கவலையில் இருக்கிறான் என்றும் இல்லை. ஆனால் கேட்காமல் தெரியாது.

"ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று தொடங்காதீர்கள், குற்றம் சாட்டுவது போலிருக்கும். விறகு எடுக்கப் போகும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ராத்திரி படுத்தால் என்ன யோசனை வரும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சும்மா விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். நானும் அப்படி ஒரு பிள்ளைதான். என் அம்மா மூன்றாம் முறை கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன். வாழவே பிடிக்கவில்லை என்பது போல் ஏதாவது சொன்னால் காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் பேசலாம்.