லஞ்சம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது, அப்புறம் ஊழலால் ஏழை நாட்டுக்கு என்ன நஷ்டம்?

கேள்வியில் இன்னொன்றும் இருந்தது: "லஞ்சப் பணமும் அந்த நாட்டுக்குள்தானே சுற்றுகிறது?" அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காக, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் நாலு சீசன் இருந்தவன் நான். நகாலா துறைமுகத்தில் கன்டெய்னரில் ஏற்றி விட்டால் சரக்கு தூத்துக்குடியில் வந்து இறங்கும். சிக்கலெல்லாம் நகாலா போய்ச் சேருவதற்குள்தான். வழியில் லாரியை நிறுத்துவார்கள். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கும். வண்டி நின்றால் ரோட்டில் வைக்கும் முக்கோண எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா? அதுவும் இருக்கிறது. பிறகு டயரைச் சுற்றி ஒரு நடை. கடைசியில், வெயில் ஜாஸ்தி, ஒரு 'ரெஃப்ரெஸ்கோ' கிடைக்குமா என்பார்கள். குளிர்பானம் என்று அர்த்தம். எங்கள் டிரைவர் அதற்கென்றே மடித்த நோட்டுகளைக் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருப்பார்.

கொடுத்ததும் சீக்கிரம் விட்டார்கள், உண்மைதான். ஆனால் நிறுத்தியதே அதற்காகத்தானே! அந்தப் பணத்தை நாங்களும் கையிலிருந்து போடவில்லை. வழிச்செலவு என்று எழுதி, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, விவசாயிக்குக் கொடுக்கும் விலையில் குறைத்துவிடுவோம். அந்தக் குளிர்பானத்துக்குக் காசு கொடுத்தவர் எட்டு மரம் வைத்திருக்கும் ஒரு கிழவி. அவருக்கு அது தெரியவே தெரியாது.

அங்கே ஒரு சொலவடை உண்டு: ஆட்டைக் கட்டிய இடத்தில்தான் ஆடு மேயும். பதவியில் இருப்பவன் பதவியைத் தின்னத்தான் செய்வான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மேலே கட்டியிருந்த ஆடுகள் எவ்வளவு மேய்ந்தன என்று 2016-இல்தான் தெரிந்தது.

2013, 2014-இல் மொசாம்பிக் அரசின் மூன்று கம்பெனிகள் வெளிநாட்டில் கடன் வாங்கின. ஒன்று சூரை மீன் பிடிக்க, ஒன்று கடலோரக் காவலுக்கு, ஒன்று கப்பல் பழுதுபார்க்க. மொத்தம் 200 கோடி டாலர். ஏற்பாடு செய்தவை சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ், ரஷ்யாவின் விடிபி ஆகிய வங்கிகள். அரசு ஜாமீன் கையெழுத்து நிதி அமைச்சருடையது. நாடாளுமன்றத்தில் கேட்கவில்லை. மீன்பிடிக் கம்பெனியின் 85 கோடிக் கடன் மட்டும் வெளியே தெரியும். மற்ற இரண்டையும், நாட்டுக்குக் கடன் கொடுத்து வந்த சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்-இடமே மறைத்திருந்தார்கள். படகுகள் வந்தன. மீன்தான் வரவில்லை, தலைநகர் மாபுட்டோவின் துறைமுகத்தில் கட்டியே கிடந்தன. வாங்கிய சாமான்களுக்குச் சுமார் 70 கோடி டாலர் அதிக விலை போட்டிருந்தார்கள் என்றும், 50 கோடி எங்கே போனதென்றே தெரியவில்லை என்றும் பிறகு நடந்த தணிக்கை சொன்னது. லஞ்சமும் கமிஷனுமாகப் போனது குறைந்தது 20 கோடி என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு.

கேள்விக்குப் பதில் இந்த இரண்டு தொகைகளுக்கு நடுவில் இருக்கிறது. 20 கோடி கைமாறியது, நாட்டின் தலையில் ஏறியது 200 கோடி. கமிஷனுக்காகப் போடும் திட்டத்தில் படகு மீன் பிடிக்குமா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் போட்டால் யாருக்கும் கமிஷன் கிடையாது. படகு, ராடார் வாங்கினால் உண்டு. பணம் உள்ளூரிலா சுற்றியது? வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் வழியாகப் போய், அதில் ஒரு பங்கு கிரெடிட் சூயிஸில் வேலை பார்த்த சிலரின் பைக்கும் போனது. 2021-இல் கிரெடிட் சூயிஸ் சுமார் 47.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது இந்த விவகாரத்துக்காகத்தான்.

2016 ஏப்ரலில் மறைத்த கடன் அம்பலமானது. ஐஎம்எஃப் பணத்தை நிறுத்தியது, பட்ஜெட்டுக்கு உதவி வந்த மேலை நாடுகளும் நிறுத்தின. ஆண்டுக்கு 7 சதவீதம் போல வளர்ந்துகொண்டிருந்த நாடு அந்த ஆண்டு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்த நாட்டுப் பணம் மெட்டிகல். 2014-இல் ஒரு டாலருக்கு சுமார் 30 மெட்டிகல் இருந்தது, 2016 கடைசியில் 70-ஐத் தாண்டிவிட்டது. வறட்சியும் நிலக்கரி விலைச் சரிவும் சேர்ந்துகொண்டன, எல்லாப் பழியையும் படகு மேல் போட மாட்டேன். ஆனால் கெட்ட காலத்தில் கைகொடுக்க வேண்டியவர்கள் சரியாக அப்போதுதான் விலகிப் போனார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எங்கள் கம்பெனிக்கு அந்தச் சீசன் நல்ல சீசன். கையில் டாலர், கொட்டை மெட்டிகலில். விவசாயிக்கும் கிலோவுக்குக் கூடுதல் மெட்டிகல் கிடைத்தது, முதலில் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சமையல் எண்ணெய், சோப்பு, அரிசி என்று வெளியிலிருந்து வரும் எல்லாம் அதைவிட வேகமாக ஏறின. இன்னொரு பக்கம், ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தர வேண்டிய வாட் பணம் தேங்கியது. உள்ளூர்க்காரர் நடத்திய, முந்திரி உடைக்கும் சின்ன ஆலைகளுக்கு அதுதான் கைமுதல். நாங்கள் தூத்துக்குடிப் பணத்தை வைத்துச் சமாளித்தோம், அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அந்த நிதி அமைச்சரை 2018 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பிடித்தார்கள். 2024-இல் நியூயார்க் நடுவர் குழு குற்றவாளி என்றது, அடுத்த ஆண்டு ஜனவரியில் எட்டரை ஆண்டு சிறை. இதே விவகாரத்தில் முன்னாள் அதிபரின் மகனுக்கு மாபுட்டோ நீதிமன்றம் 2022-இலேயே 12 ஆண்டு கொடுத்திருந்தது.

எங்கள் குடோன் காவலாளிக்கு ஆறு பிள்ளைகள். நான் போன முதல் சீசனில் சம்பளம் வாங்கிய அன்றே 25 கிலோ அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். கடைசிச் சீசனில் அதே சைக்கிள்தான், தினமும் சாயங்காலம் ஒரு டப்பா அரிசி, பாலித்தீன் பையில்.