வாசகர் கேள்வி: பருவநிலை முடிவுகளில் இளைஞர்களின் பேச்சு எடுபடுமா?

கேள்வி: எங்கள் ஊரில் கிணற்று நீர் உப்பாகிக்கொண்டே வருகிறது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பை நெடுங்காலம் சுமக்கப்போவது எங்கள் தலைமுறைதான். ஆனால், அரசு முடிவெடுக்கும்போது எங்களை யாரும் கேட்பதில்லை. பதாகை பிடித்து நிற்பதைத் தவிர எங்களால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா?
- கல்லூரி மாணவி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: உண்டு. பசிபிக் பெருங்கடலின் வனுவாட்டு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2019இல், தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிட வேண்டும் என முடிவு செய்தார்கள். தனிமனிதர்கள் அந்த நீதிமன்றத்தின் படியேற முடியாது, ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்புகள் கேட்டால்தான் அது கருத்துரை வழங்கும். பொதுச்சபையிலோ அரசுகளுக்குத்தான் இடம். எனவே அவர்கள் பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு செவிசாய்த்து, 2021இல் அதைத் தன் கோரிக்கையாகவே அறிவித்தது.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டன. அதே மாதம் 29ஆம் தேதி, சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துரை கேட்பதற்காக 130க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானம் பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. 2024 டிசம்பரில் அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரில் நடந்த விசாரணையில், மாணவர் அமைப்பின் தலைவியான சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியுஹி நீதிபதிகளின் முன் நின்று பேசினார். 2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்துரை வழங்கினார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதில் தவறுவது, புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமம் கொடுப்பது உட்பட, சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகலாம். இந்தக் கருத்துரை எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எடுத்துக்காட்டி வாதாடக்கூடிய வலு அதற்கு உண்டு. இந்த மாணவர்கள் கோபத்தோடு நின்றுவிடாமல், முடிவெடுக்கும் நடைமுறையில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைப் படித்தறிந்தார்கள் என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2017இல், உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ரிதிமா பாண்டே, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு செய்தார். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது பருவநிலை மாற்றம் குறித்த சர்வதேச ஒப்பந்தங்கள் கருத்தில் கொள்ளப்படுவதில்லை என்று கருதக் காரணமில்லை எனக் கூறி, 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மனுவை முடித்துவைத்தது. எனக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் உங்களுக்கான கதவு அந்த வாசகத்திலேயே இருக்கிறது: உண்மையிலேயே கருத்தில் கொள்கிறார்களா என்று நீங்கள் போய்க் கேட்கலாம்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பல பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் தாக்கத்தை மதிப்பிடும் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதை வாங்கி, கடல்மட்ட உயர்வையும் புயல் அலையையும் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். உங்கள் கிணற்று நீரின் உவர்ப்பை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதிவைத்து, கூட்டத்தில் அந்தத் தாளைக் கொடுங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பலர் பேசிவிட்டு அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இருங்கள், நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால், ஆட்சியர் கையெழுத்திடும் முன்பே எழுந்து, சேர்க்கச் சொல்லுங்கள்.